ஒரு கையும் எந்தக் கையும்

இலங்கையின் மலையகப் புகையிரதப் பாதை 1924இல் பதுளையை எட்டுவதற்கு முன், அதனை அமைத்தவர்கள் தெமோதரையில் ஒரு சிக்கலை எதிர்கொண்டனர். குறுகிய தூரத்துக்குள் நிலம் மிக ஆழமாக இறங்கியது. புகையிரதமோ அத்தகைய செங்குத்தில் இறங்காது. ஆகவே பாதை நிலையத்தைக் கடந்து, ஒரு குன்றைச் சுற்றிச் சிறிது சிறிதாகத் தாழ்ந்து, அந்த நிலையத்துக்கே அடியில் குடையப்பட்ட சுரங்கத்தின் வழியே வெளியேறுமாறு அமைக்கப்பட்டது. தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டிய ஒரு கங்காணியைக் கண்டே இந்த யோசனை பிறந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. அது நடந்ததோ இட்டுக்கட்டியதோ, தலைப்பாகையும் தண்டவாளமும் ஒரே வகை வடிவம் என்பதை அக்கதையைச் சொன்னவர் சரியாகவே கண்டிருக்கிறார்.

இவ்வடிவம் சுருளி எனப்படும். சுருளி ஒவ்வொன்றுக்கும் ஒரு கை உண்டு. வட்டமாகத் திரும்புவது ஒன்று, மேலோ கீழோ நகர்வது மற்றொன்று. இவ்விரண்டும் சேரும்போதே கை பிறக்கிறது. தெமோதரையில் இறங்கும் வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஏறும் வண்டி திரும்புகிறது; ஆயினும் நகரும் திசையும் கூடவே மாறிவிடுவதால் சுருளியின் கை மாறுவதில்லை. அதனை மாற்ற வேண்டுமானால், கண்ணாடியில் தெரியும் விம்பத்தைப் போன்ற இன்னொரு பாதையையே புதிதாகக் கட்ட வேண்டும். வலக்கையும் இடக்கையும் போல, தன் ஆடி விம்பத்தோடு எப்படித் திருப்பினாலும் பொருந்தாத இவ்வியல்பே கைத்தன்மை எனப்படுகிறது. தெமோதரையில் எந்தக் கை வேண்டும் என்பதை மலையின் சாய்வு தீர்மானித்தது. கட்டியவர்களுக்குக் காரணம் இருந்தது. மலையும் சாய்வும் இன்னும் தோன்றாத இடத்தில், அதாவது படைப்பின் தொடக்கத்தில், இரு கைகளுள் ஒன்றைத் தேர்வதற்கு என்ன காரணம் இருந்திருக்க முடியும் என்பது இறையியலுக்கும் தத்துவத்துக்கும் உரிய வினா.

வினா வெறும் கற்பனையன்று. தெமோதரை அமைந்துள்ள ஊவாவின் தேயிலைக் கொழுந்திலேயே அது இருக்கிறது. ஒரு காபன் அணுவோடு நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்தால், அவற்றை அடுக்குவதற்கு ஒன்றுக்கொன்று ஆடி விம்பமான இரண்டு வழிகள் உண்டு. பிரான்சின் லூயி பாஸ்டர் 1848இல் தார்த்தாரிக் அமிலத்தின் உப்புப் பளிங்குகளை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, வலக்கைப் பளிங்குகளையும் இடக்கைப் பளிங்குகளையும் இடுக்கியால் தனித்தனியே பிரித்தெடுத்தபோது இவ்வேறுபாடு முதன்முதலாகக் கண்முன் வந்தது. புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்களுள், கைத்தன்மையே இல்லாத கிளைசீன் ஒன்றைத் தவிர, ஏனைய எல்லாம் உயிரினங்களில் இடக்கை வகையாகவே புரதத்தில் சேர்க்கப்படுகின்றன. மரபணுவின் சர்க்கரையோ வலக்கை வகை. தேநீரின் சுவைக்குப் பங்களிக்கும் தியனீன் என்ற அமினோ அமிலம் தேயிலைச் செடியின் வேரில் உருவாகி இளந்தளிருக்கு ஏறுகிறது. 1949இல் ஜப்பானில் பிரித்தறியப்பட்ட அதுவும் இடக்கை வகையே. பசறையில் பறித்த கொழுந்தானாலும் அசாமில் பறித்ததானாலும் இதில் மாற்றமில்லை. ஆய்வுகூடத்தில் சாதாரண வழிகளில் இதே பொருளை ஆக்கினால் இரு கைகளும் சரிபாதியாகவே கிடைக்கும்.

கை மாறினால் என்ன குடிமுழுகிப்போகிறது என்று கேட்பவருக்கு விடை அடுக்களையிலேயே உண்டு. சமையலுக்குப் பயன்படும் புதினாவின் மணத்துக்குக் காரணமான கார்வோன் என்ற பொருளும், பிள்ளைபெற்ற பெண்களுக்கான மருந்துச் சரக்குகளில் சேரும் சதகுப்பை விதையிலுள்ள கார்வோனும் ஒரே அணுக்களால், ஒரே எண்ணிக்கையில், ஒரே வரிசையில் ஆனவை; ஒன்று மற்றதன் ஆடி விம்பம் என்பதைத் தவிர வேறு வேறுபாடு எதுவும் இல்லை. அப்படியிருந்தும் புதினாவை முகர்ந்து சதகுப்பை என்று சொல்பவர் எவரும் இலர். மணத்தை உணரும் மூக்கின் ஏற்பிகள் புரதங்களால் ஆனவை. அப்புரதங்களுக்கே ஒரு கை இருப்பதால், கையுறையின் இணை மாறினால் விரல்கள் உணர்ந்துகொள்வது போல அவையும் உணர்ந்துகொள்கின்றன.

சமயங்கள் இவ்வேறுபாட்டை அணுக்களுக்கு வெளியே நெடுங்காலமாகப் பேணி வந்திருக்கின்றன. தோட்டத்து மாரியம்மன் கோவிலைச் சுற்றுபவரும், பதுளை நகரின் நடுவே உள்ள முத்தியங்கனை விகாரையின் தாதுகோபத்தைச் சுற்றுபவரும் வணங்கும் பொருளைத் தம் வலப்பக்கத்தில் வைத்தே சுற்றுகின்றனர். வேறு பலவற்றில் வேறுபடும் இரு சமூகங்கள் இதில் வேறுபடுவதில்லை. ஈமச்சடங்கில் கொள்ளிக்குடம் சுமப்பவர் பெரும்பாலும் இதற்கு மாறாக இடமாகச் சுற்றுகிறார்; வாழ்வின் திசைக்கு மறுதலையாகச் சாவின் திசை வகுக்கப்பட்டிருக்கிறது. கடலிலிருந்து வரும் சங்குகளுள் மிக அரிதாகவே கிடைக்கும் வலம்புரிக்கு உள்ள மதிப்பும் இத்தகையதே. விலங்கியலார் சங்கின் கூர்நுனியை மேலே வைத்துப் பார்ப்பதால் வலம்புரியை இடச்சுழி என்றே வகைப்படுத்துகின்றனர். எது வலம் என்பது பார்ப்பவர் பிடிக்கும் விதத்தைப் பொறுத்தது. ஆனால் இரண்டு வகைச் சங்குகள் உண்டு என்பதும், அவற்றுள் ஒன்று அரிது, மற்றது மலிவு என்பதும் எவர் பிடிப்பையும் பொறுத்தவையல்ல. பெயரிடுவது மனிதர் வசம். வேறுபாடு மனிதர் வசமில்லை.

ஐரோப்பியத் தத்துவத்தில் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பியவர் லைப்னிட்ஸ். போதிய காரணமின்றி எதுவும் நிகழாது, கடவுளும் காரணமின்றி எதையும் செய்யார் என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை. நியூட்டனின் பக்கம் நின்று வாதிட்ட சாமுவேல் கிளார்க்குக்கு 1715, 1716ஆம் ஆண்டுகளில் எழுதிய கடிதங்களில், வெற்றிடத்தில் உலகைப் படைக்கும் கடவுள் கிழக்கை மேற்காகவும் மேற்கைக் கிழக்காகவும் மாற்றி வைத்திருந்தால் என்ன வேறுபாடு என்று அவர் வினவினார். வேறுபாடு இல்லையென்றால் தேர்வதற்குக் காரணமில்லை. காரணமில்லாததைக் கடவுள் செய்யார். ஆகவே பொருள்களுக்கு அப்பால் வெளி என்று தனியே ஒன்று இல்லை என்பது அவர் முடிவு. கடவுளின் விருப்பமே போதிய காரணம் என்பது கிளார்க்கின் விடை. அரை நூற்றாண்டுக்குப் பின், 1768இல், இம்மானுவேல் காந்த் கைகளையே எடுத்துக்காட்டாக்கினார். விரல்களின் நீளம், இடைவெளி, கோணம் என உள்ளுறவுகள் எல்லாம் ஒத்திருந்தும் வலக்கை உறை இடக்கைக்குப் பொருந்தாததால், வேறுபாடு கைக்குள் இல்லை, கை அமைந்திருக்கும் வெளியில்தான் இருக்கிறது என்று அவர் வாதிட்டார். பின்னர் அதே எடுத்துக்காட்டைக் கொண்டு, வெளி என்பதே அறிபவரின் காட்சி வடிவம் என்ற வேறொரு முடிவுக்கும் சென்றார். ஒரே கையை வைத்து இரண்டு எதிர் முடிவுகளுக்கு அவர் போனதைக் குறை சொல்வோர் உண்டு. வினாவின் கடினத்துக்கு அதுவே சான்று என்று கொள்வது பொருத்தம்.

இவர்கள் எல்லோரும் பொதுவாக ஏற்ற ஓர் எடுகோள் இருந்தது: இயற்கையின் விதிகளுக்கு வலம் இடம் என்ற பாகுபாடு இல்லை, ஆகவே ஆடியில் தெரியும் நிகழ்ச்சி எதுவும் உலகிலும் நிகழக்கூடியதே. அது 1957இல் தகர்ந்தது. அதற்கு முந்திய ஆண்டில் லீ, யாங் என்ற இரு சீன அமெரிக்கப் பௌதிகவியலாளர்கள், அணுக்கருச் சிதைவை ஆளும் மென்விசையில் இந்தச் சமச்சீர் சோதிக்கப்பட்டதே இல்லை என்று சுட்டிக்காட்டினர். வூ சியென்-ஷியுங் என்ற அம்மையார் கோபால்ற்று-60 அணுக்களைத் தனிப்பூச்சிய வெப்பநிலைக்கு மிக அருகே குளிர்வித்து, காந்தப் புலத்தால் அவற்றின் கருக்கள் யாவும் ஒரே பக்கம் சுழலுமாறு நிறுத்தி, சிதைவில் வெளிவரும் இலத்திரன்கள் எந்தத் திசையில் மிகுதியாகப் பாய்கின்றன என்று அளந்தார். சுழற்சி ஒன்று, பாய்ச்சல் ஒன்று. சேர்ந்தால் ஒரு கை. இரு கைகளும் சமமாக இருந்திருந்தால் இரு பக்கமும் சமமாகப் பாய்ந்திருக்கும். சுழலச்சுக்கு எதிர்ப்பக்கமே மிகுதியாகப் பாய்ந்தன. கடவுள் மென்மையான இடக்கைக்காரர் என்பதை நம்ப முடியாது என்று அச்சோதனையின் முடிவு வெளியாவதற்குச் சற்று முன்பு ஒரு கடிதத்தில் எழுதிய பௌதிகவியலாளர் வொல்ஃப்காங் பாவ்லி விரைவிலேயே தோல்வியை ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இம்முடிவுக்குச் சீரான விதியை வகுத்தவர்களுள் ஒருவர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த கேரளத்தவர். இ. சி. ஜி. சுதர்சன் தம் ஆசிரியர் ரொபர்ட் மார்ஷாக்குடன் 1957இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, மென்விசை இடக்கைத் துணிக்கைகளோடு மட்டுமே உறவாடுகிறது; எதிர்த்துணிக்கைகளில் மட்டும் அது வலக்கையோடு உறவாடும். நியூத்திரினோ என்ற துணிக்கை இடக்கை வகையாகவே தோன்றுகிறது என்பது அடுத்த ஆண்டில் உறுதியாயிற்று. பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்து, வேதாந்தத்தில் ஆழ்ந்த ஈடுபாடும் கொண்டிருந்த சுதர்சன், இயற்கை ஒரு பக்கம் சாய்ந்திருப்பதை ஆய்வு வாழ்வின் தொடக்கத்திலேயே எழுதிக்காட்டிவிட்டார்.

அப்படியானால் கொழுந்திலுள்ள தியனீனின் இடக்கையும் கோபால்ற்றின் இடக்கையும் ஒன்றா? அப்படி இணைத்துப் பார்க்கும் ஆசை இயல்பானதே; அப்துஸ் சலாம் போன்ற பெரும் பௌதிகவியலாளர்களும் அதற்கு வழி தேடினர். ஆனால் மென்விசையால் இரு கை அமினோ அமிலங்களுக்கு இடையே எழக்கூடிய ஆற்றல் வேறுபாடு, அறை வெப்பத்தில் மூலக்கூறுகள் அசையும் ஆற்றலோடு ஒப்பிட்டால், கோடி கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. அத்தனை சிறிய சாய்வு உலகத்து உயிர்களை எல்லாம் ஒரு பக்கம் தள்ளியிருக்கும் என்பது இதுவரை நிறுவப்படவில்லை.

இந்த இடத்தில் இலங்கையர் ஒருவரின் பெயர் வருகிறது. காலியில் 1923இல் பிறந்த சிறில் பொன்னம்பெரும சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் பட்டம் பெற்ற பின்னரே இரசாயனத்துக்கு வந்தவர். உயிர் எவ்வாறு தோன்றியது என்ற ஆராய்ச்சியில் நாசாவில் பணியாற்றியவர். பின்னர் கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்துக்கும் தலைமை தாங்கினார். 1969 செப்ரெம்பரில் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் என்ற ஊரில் விழுந்த விண்கல்லை அவரும் குழுவினரும் ஆராய்ந்து, அதில் அமினோ அமிலங்கள் இருப்பதையும், அவற்றில் இரு கைகளும் ஏறத்தாழச் சமமாக இருப்பதையும் 1970இல் வெளியிட்டனர். சமமாக இருந்ததே அங்கு முக்கியச் சான்றாயிற்று: தொட்டவர் விரலிலிருந்தோ விழுந்த மண்ணிலிருந்தோ அவை ஒட்டியிருந்தால் இடக்கையாகவே இருந்திருக்கும். பின்னர் 1997இல் அதே விண்கல்லில், புவியின் உயிர்கள் புரதத்துக்குப் பயன்படுத்தாத சில அமினோ அமிலங்களில் இடக்கை சில வீதம் மிகுந்திருப்பதை குரோனின், பிஸ்ஸரெல்லோ என்ற ஆய்வாளர்கள் கண்டனர். விண்வெளியிலேயே ஏதோ ஒரு சிறு சாய்வு ஏற்பட்டிருக்கலாம் என்பதற்கு மேல் இதிலிருந்து எதையும் அழுத்திச் சொல்வதற்கில்லை.

சிறு சாய்வு எவ்வாறு முழுமையாகிறது என்பதற்குச் சமையலறை அளவிலான சோதனை ஒன்று உண்டு. சோடியம் குளோரேற்று என்ற உப்பின் மூலக்கூறுக்குக் கை இல்லை. பளிங்காகும்போது மட்டும் வலக்கைப் பளிங்காகவோ இடக்கைப் பளிங்காகவோ அமைகிறது. கரைசலை அசையாமல் வைத்தால் இரண்டும் சரிபாதியாக விளைகின்றன. திலீப் கொண்டெபுடியும் உடனாய்வாளர்களும் 1990இல் அதனைக் கலக்கிக்கொண்டே பளிங்காக்கியபோது, ஏறத்தாழ எல்லாப் பளிங்குகளும் ஒரே கையாக விளைந்தன: முதலில் தோன்றிய ஒரு பளிங்கு உடைந்து பரவி, தன் கையையே மற்ற எல்லாவற்றுக்கும் வித்தாக்கிவிடுகிறது. ஆனால் அடுத்த முறை எந்தக் கை விளையும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரு முறை இடம், ஒரு முறை வலம்; பல முறை செய்தால் இரண்டும் சமமாகும்.

இச்சோதனை தத்துவவாதிகள் ஒன்றாக முடிச்சிட்டிருந்த இரண்டு வினாக்களை அவிழ்த்து வைக்கிறது. ஏன் ஒரே கை என்பது ஒரு வினா. ஏன் இந்தக் கை என்பது வேறு வினா. முதல் வினாவுக்குக் காரணம் சொல்லலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் தம் மாணவர்களோடு 1963இல் வரைந்த படம், புரதச் சங்கிலியின் கணுக்கள் எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டும் என்று காட்டுகிறது. இடக்கை அமினோ அமிலங்களுக்கு அப்படத்தின் ஒரு பாகம் பெரிதும் திறந்தும், அதன் மறுதலைப் பாகம் பெரிதும் அடைத்தும் இருக்கிறது. கைகள் ஒழுங்கின்றிக் கலந்த சங்கிலி நீண்ட சுருளியாக நிலைக்காது. சுருளி நிலைக்காவிட்டால் தோலுக்கும் எலும்புக்கும் குருதிக்கும் வேண்டிய புரதங்கள் இல்லை. விலக்குகள் உண்டு: பற்றீரியாவின் சுவரில் வலக்கை அமிலங்கள் சில வேண்டுமென்றே வைக்கப்படுகின்றன. அவையும் ஒழுங்கோடு வைக்கப்பட்டவையே. திருவிழா நாளில் ஒடுக்கமான கோவில் வீதியில் எல்லோரும் ஒரே திசையில் சுற்ற வேண்டியிருப்பதற்கு நெரிசலே காரணம் காட்டும். அத்திசை வலமாக இருக்க வேண்டும் என்பதற்கு நெரிசல் காரணம் காட்டாது.

வடிவமைப்பைக் காட்டி இறைவனை நிறுவ முயல்வோர் முதல் வினாவின் விடையை எடுத்து இரண்டாம் வினாவுக்குப் பொருத்துகின்றனர். எல்லாம் தற்செயல் என்போர் இரண்டாவதன் விடையை முதலாவதற்குப் பொருத்துகின்றனர். இருசாராரின் தவறும் ஒன்றே. தற்செயலில் இறைவனின் கையைக் காணும் பழக்கம் ஊவாவுக்குப் புதிதன்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் ரோஜர்ஸ் 1845இல் ஹப்புத்தளைப் பகுதியில் மின்னல் தாக்கி இறந்தபோது அதைத் தெய்வ தண்டனை என்றே மக்கள் கொண்டனர். அவர் நினைவாகப் பதுளையில் எழுந்த புனித மாற்கு தேவாலயம் இன்றும் நிற்கிறது. மலைக்கணவாயில் திறந்த வெளியில் நிற்பவர் மீது மின்னல் விழுவதற்குக் காரணம் உண்டு; அன்று அவர் மீது விழுந்ததற்கும் அதே வகைக் காரணம் போதுமா என்பதில்தான் நம்பிக்கையும் ஐயமும் பிரிகின்றன.

சைவ சித்தாந்தம் இவ்விடத்தில் லைப்னிட்ஸைவிட நெகிழ்வாக இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், இறைவன் ஐந்தொழில் புரிவதற்குக் காரணம் என்ன என்ற கேள்வியை எழுப்பி, அது விளையாட்டு எனவும் சொல்லலாம், உயிர்களின் மலத்தை நீக்கி இன்பமும் வீடும் வழங்கும் அருள் எனவும் சொல்லலாம் என்று இரண்டு விடைகளுக்கும் இடம் தருகிறது. உரையாசிரியர் மரபு இரண்டாம் விடைக்கே அழுத்தம் தருகிறது. முதலாவதை விட்டுக்கொடுத்த சொல்லாகவே கருதுகிறது. கைத்தன்மையை முன்வைத்துப் பார்த்தால் இரண்டுமே தத்தம் இடத்தில் வேண்டப்படுகின்றன. உயிருக்கு உடம்பு வேண்டும். உடம்பு நிலைக்க ஒரே கை வேண்டும். இது அருளின் கணக்கில் அடங்கும். அந்தக் கை இடமா வலமா என்பதில் எந்த உயிருக்கும் ஆதாயமோ இழப்போ இல்லை. ஆதாயம் இல்லாத இடத்தில் அருளைக் காரணமாகக் காட்டுவது அருளுக்குப் பெருமை சேர்க்காது. விளையாட்டு என்ற விடை அங்கே பொருந்துகிறது. காரணமில்லாமல் ஒன்றைச் செய்யக்கூடியவனே சுதந்திரன் என்ற எண்ணம் சித்தாந்தத்துக்கு அந்நியமானதன்று. கிளார்க் சொன்ன விருப்பத்துக்கும் இதற்கும் ஒற்றுமை உண்டு. விருப்பம் என்பது ஆணையின் மொழி, விளையாட்டு என்பது ஆனந்தத்தின் மொழி என்பதே வேறுபாடு.

வலப்பாகம் சிவனும் இடப்பாகம் உமையுமாக நிற்கும் அர்த்தநாரீசுவர வடிவத்தைக் காட்டி, மென்விசையின் சாய்வை முன்னோர் அறிந்திருந்தனர் என்று மேடைகளில் பேசுவோர் உளர். அது சிலைக்கும் நீதியன்று, வூ அம்மையாரின் சோதனைக்கும் நீதியன்று. அவ்வடிவம் சொல்வது வேறு: பக்கம் என்பது உருவத்துக்கு உரியது, உருவத்தை மேற்கொண்டதால் இறைவனுக்கும் பக்கங்கள் உண்டாகின்றன. ஊவாவிலேயே உள்ள கதிர்காமத்தின் மூலத்தானத்தில் திரைக்குப் பின்னே உருவச்சிலை எதுவும் காட்டப்படுவதில்லை; பிற தலங்களில் முருகனின் வலத்தே வள்ளியும் இடத்தே தெய்வானையும் நிற்க, இங்கே இருவருக்கும் வெளியே தனித்தனிக் கோவில்கள் அமைந்துள்ளன. அருவத்துக்கு இடமும் வலமும் இல்லை.

பௌத்தம் இந்த வினாவையே ஏற்காது. உலகின் தோற்றத்தைப் பற்றிய சிந்தனையை எண்ணக்கூடாதவை நான்கனுள் ஒன்றாகப் பாளி நூல்கள் வைக்கின்றன. அம்பு தைத்தவன் எய்தவனின் குலம் விசாரிப்பதைப் போன்றது இத்தகைய ஆராய்ச்சி என்பது மாலுங்கியபுத்தர் என்ற பிக்குவுக்குப் புத்தர் சொன்ன உவமை. தாதுகோபத்தை வலமாகவே சுற்றும் பௌத்தர், ஏன் வலம் என்று கேட்டால் மரபு என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். கொண்டெபுடியின் பளிங்குகளும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

வினா இப்போது படைப்பின் தொடக்கத்திலிருந்து நகர்ந்து மனிதர் கைக்கு வந்திருக்கிறது. எல்லா மூலக்கூறுகளும் எதிர்க்கையாக அமைந்த ஆடி உயிர் ஒன்றை, குறிப்பாக ஆடிப் பற்றீரியாவை, ஆக்குவது சில பத்தாண்டுகளுள் இயலக்கூடும் என்றும், அதனை ஆக்காமல் விடுவதே தக்கது என்றும் 38 அறிவியலாளர்கள் 2024 டிசெம்பரில் எச்சரித்தனர். மனிதரின் நோயெதிர்ப்பு முறை மூலக்கூறுகளைக் கையால் அடையாளம் காண்பதால் அத்தகைய உயிரை அது கண்டுகொள்ளாமல் போகலாம்; பற்றீரியாவைத் தின்னும் வைரசுகளும் அதனைத் தொடா; தேயிலை நிற்கும் மண்ணில் அது பரவினால் தடுப்பதற்கு எதுவும் இராது. சித்தாந்த நோக்கில் அவ்வுடம்பும் மாயையின் காரியமே. உயிருக்குக் கை இல்லாததால், அத்தகைய உடம்பிலும் ஓர் உயிர் புகுந்து வினை நுகர்வதற்குத் தடை ஒன்றும் சொல்ல முடியாது. ஆகவே இயலாது என்றோ தெய்வக் குற்றம் என்றோ அந்நெறி அதனை விலக்காது. ஆனால் விளையாட்டு என்ற விடை இங்கே செல்லாது: அது வினைக்கு உட்படாத ஒருவனுக்கு மட்டும் உரியது, இங்கு கையைத் தேர்பவரோ வினைக்கு உட்பட்டவர். இரு கைகளும் சமம் என்ற வாதமும் அவருக்கு உதவாது. ஏனெனில் ஒரு கையால் நிறைந்துவிட்ட உலகில் மற்றக் கை சமமானதன்று.